சின்ன அலை, பலமில்லாத அலை: எந்த அளவு போர்டு எடுப்பது?

செக்காலைக்காரன்:

வணக்கம். ஊர் காரைக்குடி, வயது 34, எடை 78 கிலோ, உயரம் 5 அடி 8 அங்குலம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நண்பன் ஒருவன் சென்னைக்குப் பக்கத்துக் கோவளத்துக்கு இழுத்துப் போய் சர்ஃபிங் வகுப்பில் சேர்த்துவிட்டான், அன்றைக்குப் பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. மாதம் ஒரு தடவை வெள்ளிக்கிழமை விடிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறிவிடுவேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வெளிச்சம் வந்ததும் தண்ணீரில் இறங்குவேன், திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும் என்பதால் ஞாயிறு மதியமே கிளம்பிவிடுவேன். இப்படி இதுவரை முப்பது நாளாவது கடலில் இருந்திருப்பேன். நீச்சல் சின்ன வயதிலேயே கண்மாயில் கற்றது, தண்ணீர்ப் பயம் கிடையாது.

முதலில் பழகியது 9 அடி ஃபோம் போர்டில். வெள்ளை நுரையில் நன்றாக எழுந்து நிற்பேன், அப்புறம் உடையாத அலையிலும் நாளைக்கு இரண்டு மூன்று பிடிக்க ஆரம்பித்திருந்தேன். அந்த நேரத்தில் சொந்தமாக ஒரு போர்டு இருந்தால் நல்லது என்று ஒரு கடையில் பழைய போர்டு ஒன்று வாங்கினேன். 6 அடி 2 அங்குலம், அகலம் 18¾ அங்குலம், கனம், அதாவது தடிமன், 2⅜ அங்குலம், போர்டின் கன அளவு 29 லிட்டர் என்று அடியில் எழுதியிருக்கிறது. “அலை சின்னதுதானே, சின்ன போர்டுதான் சரி, பெரியதெல்லாம் வகுப்புக்கு” என்று கடையில் சொன்னார்கள். ரயிலில் இருக்கைக்கு மேலே இருக்கும் தட்டில் படுக்க வைத்துவிடலாம் என்பதும் எனக்கு வசதியாகத் தோன்றியது.

அதற்குப் பிறகு ஐந்து தடவை போய் வந்துவிட்டேன், மொத்தம் நான்கு அலைகூடப் பிடிக்கவில்லை. நடப்பது இதுதான். அலை பின்னால் எழும்புவது தெரியும். திரும்பிப் படுத்து, கையை முழங்கை வரை உள்ளே விட்டு எட்டு, பத்து தடவை இழுப்பேன். போர்டின் வால் தூக்கும், தண்ணீர் உப்பிக்கொண்டு கடந்து போவது கால், வயிறு, நெஞ்சு என்று வரிசையாகத் தெரியும். அவ்வளவுதான். அலை எனக்குக் கீழே நழுவி முன்னே போய்விடும், நான் அதன் முதுகில் படுத்துக் கிடப்பேன். பக்கத்தில் ஒரு பத்து வயதுப் பையன் 8 அடி போர்டில் அதே அலையை இரண்டே இழுப்பில் பிடித்துக் கரை வரைக்கும் போகிறான்.

நான் போகிற நாட்களில் அலை பெரும்பாலும் முழங்காலிலிருந்து இடுப்பு வரைதான். இதற்கு 7 அடி போதுமா, 8 அடியா, மறுபடியும் 9 அடிக்கே போக வேண்டுமா? வீட்டில் இடம் ஒரு பிரச்சினையே இல்லை, பழைய வீடு, முகப்பிலிருந்து பின்கட்டு வரைக்கும் நீளம்தான். இன்னொன்று, தொண்டி எங்களுக்குப் பக்கம். பெரிய போர்டு எடுத்தால் அங்கே ஏதாவது ஓட்ட முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாமல்லைப் பட்டறை:

தம்பி, மாமல்லபுரத்தில் போர்டு ரிப்பேர் செய்கிறேன், இருபது வருஷமாக இதே தண்ணீரில் ஓட்டவும் செய்கிறேன். உங்கள் கையில் குறை இல்லை, அந்தப் போர்டை உங்களுக்கு விற்றிருக்கவே கூடாது. 78 கிலோ ஆளுக்கு 29 லிட்டர் என்றால் ஒரு கிலோவுக்கு 0.37 லிட்டர். போட்டிக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் கணக்கு அது. அவர்கள் தினமும் தண்ணீரில் இருப்பவர்கள், அலை எங்கே உடையும் என்று கண்ணாலேயே அளந்து சரியான இடத்தில் போய் உட்கார்ந்திருப்பார்கள். மாதம் இரண்டு நாள் வருகிற உங்களுக்குக் கிலோவுக்கு 0.9 லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை இருக்கலாம். அதாவது குறைந்தது 70 லிட்டர் பக்கம்.

“சின்ன அலைக்குச் சின்ன போர்டு” என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், நன்றாக ஓட்டுகிறவர்கள் அலை குறைந்த நாளில் தங்கள் வழக்கமான போர்டைவிட இரண்டு மூன்று அங்குலம் குட்டையானதை எடுப்பார்கள், அது உண்மைதான். ஆனால் அந்தப் போர்டைக் கையில் எடுத்துப் பாருங்கள், அகலம் ஒரு அங்குலம் கூடியிருக்கும், மூக்குப் பக்கம் சதைப்பிடிப்பாக இருக்கும், வால் அகலமாக இருக்கும், அடி தட்டையாக இருக்கும், லிட்டர் முன்பைவிட அதிகமாகக்கூட இருக்கும். நீளத்தில் குறைத்ததை அகலத்தில் திருப்பி வாங்கிவிடுகிறார்கள். உங்களிடம் சொன்னவர்கள் முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டார்கள்.

அலையின் பலத்தையும் கொஞ்சம் புரிந்துகொள்ளுங்கள். உயரம் பாதியானால் சக்தி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடும். நான்கடி அலை தள்ளுகிற தள்ளில் நாலில் ஒரு பங்குதான் இரண்டடி அலையில் இருக்கிறது. அதோடு நம் பக்கம் பல நாட்களில் வருவது பக்கத்திலேயே காற்று கிளப்பிவிட்ட அலை, ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஆறேழு நொடிதான் இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் தெற்குப் பெருங்கடலிலிருந்து கிளம்பி வரும் அலைக்கு இடைவெளி பன்னிரண்டு நொடிக்கு மேல் போகும், உயரம் அதே இரண்டடி என்றாலும் அது தள்ளுவது வேறு மாதிரி இருக்கும். ஆகவே அலை நிலவரம் பார்க்கும்போது அடிக்கணக்கை மட்டும் பார்க்காதீர்கள், நொடிக்கணக்கையும் பாருங்கள்.

பலம் குறைந்த அலை உங்களைத் தூக்கி எறியாது, அதன் வேகத்துக்கு நீங்கள்தான் கிட்டத்தட்டப் போய்ச் சேர வேண்டும். அதற்குப் போர்டு தண்ணீருக்கு மேலே வழுக்க வேண்டும். 29 லிட்டரில் நீங்கள் படுத்தால் நெஞ்சு வரை மூழ்கியிருப்பீர்கள், தண்ணீரைத் தள்ளிக்கொண்டுதான் போகிறீர்கள். அடுத்தது வளைவு, ராக்கர் என்கிறோமே அது. அந்தப் போர்டை வீட்டுத் தரையில் வைத்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள், மூக்கு வாழைப்பழம் மாதிரி மேலே தூக்கியிருக்கும். செங்குத்தாக விழும் அலையில் மூக்கு குத்தாமல் இருக்க வைத்த வளைவு அது. சாய்வே இல்லாத நம் அலையில் அது தண்ணீரைப் பிடித்து நிறுத்தும் பிரேக். 9 அடி போர்டிலும் வளைவு உண்டு, ஆனால் அத்தனை நீளத்துக்குப் பரந்து கிடப்பதால் நடுவில் நாலைந்து அடி கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும், வேகம் அங்கிருந்துதான் வருகிறது.

எங்கள் அப்பா கட்டுமரத்தில் போனவர். வலையை ஏற்றிக்கொண்டு கரைக்கு வரும்போது கடைசி அலைக்குக் காத்திருந்து, துடுப்பை இரண்டு போடு போட்டால் அந்தக் கனத்த மரமும் அலையோடு சேர்ந்து மணலில் வந்து ஏறும். அடி தட்டை, நீளம் தாராளம், மரம் மூழ்காமல் மிதக்கும். சின்ன அலையில் எது ஓடும் என்பதை நான் அதில்தான் முதலில் பார்த்தேன்.

என் பேச்சு இதுதான்: 9 அடி, அகலம் 22½-லிருந்து 23, கனம் 3 அங்குலம் அளவில் ஒன்று எடுங்கள், 68-லிருந்து 75 லிட்டருக்குள் வரும். முதலில் மேற்புறம் மெத்தையான சாஃப்ட்டாப் போதும்.


புதுவைக் கரை:

அண்ணா, பட்டறை அண்ணன் சொன்ன லிட்டர் கணக்கை அப்படியே ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எல்லோருக்கும் 9 அடி என்று முடித்துவிட வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். நான் 52 கிலோ, 5 அடி 1 அங்குலம். எனக்கும் தொடக்கத்தில் 9 அடி போர்டுதான் கொடுத்தார்கள். அகலம் 23 அங்குலம், அக்குளில் இடுக்கினால் என் விரல் மறு ஓரத்தை எட்டாது, தலையில் சுமந்துதான் மணலில் நடப்பேன். காற்றடித்தால் பாய்மரம் மாதிரி என்னைச் சுற்றிவிடும். கரையோரம் அலை பொத்தென்று விழும் இடத்தில் ஒரு நாள் போர்டு எகிறி வந்து தாடையில் அடித்து, மூன்று தையல். அதற்குப் பிறகு ஆறு மாதம் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை.

இப்போது வைத்திருப்பது 7 அடி 6 அங்குலம், அகலம் 21½, கனம் 2⅝, சுமார் 45 லிட்டர். என் எடைக்குக் கிலோவுக்கு 0.87 வருகிறது. முழங்கால் அலையிலும் பிடிக்கிறது, கையில் தூக்கிக்கொண்டு ஓடவும் முடிகிறது. அதே கணக்கை உங்கள் 78 கிலோவுக்குப் போட்டால் 68 லிட்டர் வரும், அது 7½ அடியில் கிடைக்காது, கிடைத்தாலும் மெத்தை மாதிரி தடிமனாக இருக்கும். கனத்தைக் கூட்டி லிட்டர் ஏற்றிய போர்டு தண்ணீருக்கு மேலே ஆடிக்கொண்டே இருக்கும், ஓரத்தைச் சாய்த்துத் திருப்ப முடியாது. அதனால் உங்கள் விஷயத்தில் 9 அடியோ 8½ அடியோதான் சரி என்று நானும் நினைக்கிறேன். 8 அடி, 22½, 3 அங்குலம் என்றால் 60 லிட்டர் பக்கம் வரும், அதுவும் ஓடும், கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டும்.

லிட்டர் மட்டும் பார்த்து ஏமாறவும் வேண்டாம். ஒரே 60 லிட்டரில் ஒன்று நீளமாகத் தட்டையாக இருக்கும், இன்னொன்று வளைந்து கனத்து இருக்கும், அலையில் இரண்டும் இரண்டு ஜாதி. எனக்கு யாராவது போர்டின் படம் அனுப்பினால் முதலில் பக்கவாட்டுப் படம்தான் கேட்பேன்.

ஃபிஷ் போர்டு பற்றி யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள், நானே சொல்லிவிடுகிறேன். குட்டையாக, அகலமாக, வால் மீன் வால் மாதிரி பிளந்திருக்கும், ஃபின், அதாவது அடியில் இருக்கிற செதில், இரண்டே இரண்டு. 1960-களின் கடைசியில் சான் டியேகோவில் முழங்காலிட்டு ஓட்டுவதற்காக உருவான வடிவம் அது, அதனால்தான் அவ்வளவு குட்டை. பலமில்லாத அலையில் அருமையாக ஓடும், நடுவில் இழுவை கொடுக்கும் மூன்றாவது ஃபின் இல்லாததால் வேகம் குறையாது. ஆனால் அலையைப் பிடிப்பதும் எழுந்து நிற்பதும் யோசிக்காமல் நடக்கிற கட்டத்துக்கு வந்த பிறகு. உங்களுக்கு இன்னும் ஒரு வருஷம் கழித்து அது சந்தோஷம் தரும், இப்போது எடுத்தால் உங்கள் 6 அடி 2 அங்குலம், அந்த ஆறு-ரெண்டின் கதைதான் மறுபடியும்.


செக்காலைக்காரன்:

இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. போர்டைத் தரையில் வைத்துப் பார்த்தேன், மூக்குக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் நடுவில் என் விரல் விரித்து நிறுத்திய கை அப்படியே நுழைகிறது. அக்கா சொன்ன தையல் கதை மனதைப் பிசைந்துவிட்டது, கவனமாக இருக்கிறேன்.

இரண்டு சந்தேகம். 9 அடியை ரயிலில் கொண்டுபோக முடியாது, மச்சான் வண்டியில் மேலே கட்டிப் போனால் சுமார் 400 கிலோமீட்டர், எல்லா மாதமும் நடக்காது. அங்கேயே விட்டுவைப்பதா, வீட்டில் வைப்பதா? வீட்டில் வைத்தால் எங்கள் ஊர் வெயில் தாங்குமா? சித்திரையில் 40 டிகிரி தொடும். அப்புறம் தொண்டி பற்றி யாரும் சொல்லவில்லையே.


தேவகோட்டை ரஸ்தா:

அண்ணே, நமக்கு ஊர் தேவகோட்டை, இப்போது வேலை கொழும்பில். தொண்டியைப் பற்றி நான் சொல்கிறேன், அந்த ஆசையில் நானும் ஒரு கோடை விடுமுறை முழுக்க அலைந்தவன். தொண்டி, தேவிபட்டினம், மீமிசல் எல்லாம் பாக் விரிகுடாவுக்குள் இருக்கின்றன. தெற்கிலிருந்து வருகிற நல்ல அலையை இலங்கை முழுசாக மறைத்துக்கொள்கிறது, இராமேஸ்வரம் தீவும் அதை ஒட்டிய மணல் திட்டுகளும் மிச்சத்தையும் அடைத்துவிடுகின்றன. உள்ளே கடல் ஆழமும் குறைவு. வாடைக்காற்று மாதங்களில் கொஞ்சம் கலங்கி அலையடிக்கும், அது முழங்காலுக்குக் கீழே சிதறுகிற அலை, அதில் படுத்தால் போர்டு ஆடும், ஓடாது. எத்தனை லிட்டர் போர்டு எடுத்தாலும் இல்லாத அலையை அது உண்டாக்காது.

ஆனால் துடுப்பு போட்டு நின்றுகொண்டு போகிற பலகைக்கு அது நல்ல கடல், காலையில் எண்ணெய் ஊற்றியது மாதிரி கிடக்கும். கடலடியில் புல் இருக்கும், காலை ஊன்றாதீர்கள். வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்ததற்கே அந்தப் புல்தான் காரணம், அதைத்தான் அவை மேய்கின்றன. நிஜமான அலை வேண்டும், சென்னைப் பக்கம் போக முடியவில்லை என்றால் தெற்கே மணப்பாடு பாருங்கள். இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலேயே போய்விடலாம், சிலுவைக் கோயில் இருக்கிற மணல் குன்றை ஒட்டி அலை நன்றாக வரும். மன்னார் வளைகுடாப் பக்கம் என்பதால் அதற்கு இலங்கை மறைப்பு அவ்வளவு இல்லை.

வெயில் பற்றி. நானும் எங்கள் வீட்டில் ஒரு போர்டு வைத்திருந்தேன், முதல் தடவை ஓட்டுக்குக் கீழே மச்சில் ஏற்றிவைத்தேன். மே மாதம் வந்து பார்த்தபோது மேல்தோல் ஒரு உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் மாதிரி எழும்பியிருந்தது, அழுத்தினால் உள்ளே காற்று. உள்ளே இருக்கும் நுரை சூட்டில் காற்றைக் கக்கி, மேலே ஒட்டியிருக்கும் கண்ணாடி நாரைப் பிரித்துவிடுகிறது. மச்சு வேண்டவே வேண்டாம். இரண்டாம் கட்டில் வெயில் விழாத பக்கம், இரண்டு தூணுக்கு நடுவில் அகலமான பருத்தி நாடா இரண்டு கட்டி அதில் படுக்க வையுங்கள், வயிற்றுப் பக்கம் மேலே இருக்கட்டும். நம் வீடுகளின் சுவர்க் கனத்துக்கு அங்கே வெளியைவிட நன்றாகவே குளிர்ச்சியாக இருக்கும். ஆத்தங்குடித் தரையில் நேராக நிறுத்தி வைக்காதீர்கள், வழவழப்பில் சறுக்கி விழுந்தால் மூக்கு போய்விடும். கோரைப்பாய் போட்டு அதன் மேல் வைத்தால் சரி. பட்டணத்தில் இருப்பவன் 9 அடியை வைக்க இடமில்லாமல்தான் குட்டை போர்டு வாங்கித் தவிக்கிறான், வளவு வீட்டுக்காரருக்கு அந்தக் கவலையே இல்லை.

ஒரு உபரி விஷயம். கார்த்திகை, மார்கழியில் நம் பக்கம் கடல் கொந்தளிப்பாக இருக்கும்போது இங்கே இலங்கையின் தெற்கில் வெலிகமவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். மணல் அடி, வளைந்த குடா, மெதுவாக உடையும் சின்ன அலை. அங்கே வாடகைக்குக் கிடைப்பவை முக்கால்வாசி 8, 9 அடி ஃபோம் போர்டுகள்தான். பழகுகிறவனுக்கு எந்த அளவு என்பதை அந்தக் கரையில் அடுக்கி வைத்திருக்கும் வரிசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.


மாமல்லைப் பட்டறை:

தேவகோட்டைத் தம்பி சொன்ன கொப்புளம் மாதம் ஒன்றாவது என் பட்டறைக்கு வருகிறது, பெரும்பாலும் காருக்குள் வைத்து மறந்தவர்களுடையது. அலை இருக்கிற மாதங்களில் போர்டை இங்கேயே யாரிடமாவது விட்டுவைப்பதுதான் நல்லது, கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் மாத வாடகைக்கு வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசியில் மழை பிடித்ததும் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். உங்கள் கண்மாயெல்லாம் அப்போதுதான் நிறையும், அதுதான் உங்களுக்குப் பயிற்சிக் காலம். குடிதண்ணீர் ஊருணியில் இறங்கிவிடாதீர்கள், குளிக்கிற கண்மாயில், கரையில் ஒரு ஆளை நிறுத்திக்கொண்டு, நாளைக்கு அரை மணி நேரம் படுத்து இழுத்தாலே தோள் தேறிவிடும். மாதம் இரண்டு நாள் கடலுக்கு வருகிறவர்களுக்கு முதலில் சோர்வது தோள்தான்.

கண்மாயில் இன்னொன்றும் பார்த்துக்கொள்ளலாம். போர்டில் படுத்ததும் மூக்கு தண்ணீருக்கு மேலே ஒன்றரை, இரண்டு அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு மேல் தூக்கினால் நீங்கள் பின்னால் படுத்திருக்கிறீர்கள், போர்டு உழுதுகொண்டு போகும். தண்ணீர் மூக்கின் மேல் ஏறினால் முன்னால் போய்விட்டீர்கள், அலை தூக்கியதும் குத்திக்கொண்டு கவிழும். சரியான இடம் கிடைத்ததும் தாடைக்கு நேரே போர்டில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். நல்ல தண்ணீரில் கடலைவிட ஒரு இழை கூடவே மூழ்கும், கடலில் உப்பு நூற்றுக்கு இரண்டரை பங்கு கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கிறது, 70 லிட்டர் போர்டு என்றால் ஒன்றே முக்கால் கிலோ வித்தியாசம். அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையது வாங்கப் போனால், கடையில் தராசு இருக்குமே, நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். விரிசல் விழுந்த போர்டு தண்ணீர் குடித்திருந்தால் எடையில் தெரிந்துவிடும். மேலே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள், அமுங்குகிற இடம் இருந்தால் வேண்டாம். காலையும் போர்டையும் இணைக்கிற லீஷ் கயிறு போர்டின் நீளத்துக்கு இருக்க வேண்டும், 9 அடிக்கு 9 அடி. ஆறு-ரெண்டுக்கு வாங்கிய 6 அடிக் கயிற்றையே மாட்டினால் போர்டு எகிறி உங்கள் மேலேயே திரும்பி வரும், புதுவைத் தங்கச்சிக்கு நடந்தது மாதிரி. விழும்போது போர்டுக்கும் கரைக்கும் நடுவில் நிற்காதீர்கள், தலையைக் கையால் மூடிக்கொண்டே எழுந்திருங்கள்.

காற்றையும் பாருங்கள். விடிந்து எட்டு, ஒன்பது மணி வரைக்கும் கரைக்காற்று, அலை முகம் வழவழவென்று இருக்கும். கடற்காற்று ஏறிவிட்டால் அதே அலை கசங்கிவிடும், பலமில்லாத அலைக்கு இருக்கிற கொஞ்ச நஞ்ச சாய்வும் போய்விடும். ரயில் களைப்பில் தூங்கிவிட்டுப் பத்து மணிக்கு இறங்காதீர்கள்.


செக்காலைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். போன சனி, ஞாயிறு கோவளம் போனேன். வாங்குவதற்கு முன்னால் பார்த்துவிடலாம் என்று சனிக்கிழமை 8 அடி, ஞாயிற்றுக்கிழமை 9 அடி, இரண்டையும் வாடகைக்கு எடுத்தேன். இரண்டு நாளும் அலை ஒரே மாதிரி, தொடை உயரம், இடைவெளி 8 நொடி என்று அலை நிலவரத்தில் காட்டியது.

8 அடியில் இரண்டு மணி நேரத்தில் ஆறு அலை. அலை உடைகிற இடத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான் கிடைத்தது, கொஞ்சம் தள்ளியிருந்தால் பழைய மாதிரியே கீழே நழுவிவிட்டது. 9 அடியில் பதினான்கு. நான் எண்ணவில்லை, கரையில் உட்கார்ந்திருந்த நண்பன் எண்ணிச் சொன்னான். முதல் அலைக்கு வழக்கம்போலப் பத்து இழுப்புக்குத் தயாராக இருந்தேன், நான்காவதிலேயே போர்டு தானாக முன்னே போக ஆரம்பித்துவிட்டது. அந்த நொடியில் சத்தம் மாறுகிறது. அதுவரைக்கும் களக் களக் என்று மூக்கில் அடித்துக்கொண்டிருந்த தண்ணீர், துணி கிழிக்கிற மாதிரி சர்ரென்று ஒரே சத்தமாகிவிடுகிறது. எழுந்து நிற்க எனக்கு நேரம் இருந்தது, கீழே குனிந்து காலைப் பார்க்கவும் நேரம் இருந்தது. பாறைப் பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடிய ஒரு அலையில் கடைசி வரைக்கும் போய், முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றேன்.

9 அடிதான், முடிவு செய்துவிட்டேன். பென்சில் கோடு யோசனை பெரிய உதவி, வாடகைப் போர்டில் கோடு போட முடியாதென்று கால் வழுக்காமல் இருக்கப் பூசுகிற வேக்ஸால் ஒரு திட்டு வைத்துக்கொண்டேன். பட்டறை அண்ணே, உங்களிடம் 9 அடி 22¾ அகலத்தில் பழையது ஒன்று வந்தால் எனக்குச் சொல்லுங்கள். வீட்டில் அப்பத்தா இரண்டு தூணுக்கு நடுவில் நாடா கட்டியதைப் பார்த்துவிட்டு, தொட்டில் யாருக்கு என்று கேட்கிறார்கள். இந்த ஆறு-ரெண்டை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள், கடையில் திருப்பி எடுக்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.


மாமல்லைப் பட்டறை:

சந்தோஷம் தம்பி. 9 அடி 1 அங்குலம், 22¾, 2⅞, ஒன்று ரிப்பேருக்கு வந்திருக்கிறது, அதை விற்கிற யோசனையில் இருக்கிறார்கள். ஃபின் பெட்டிப் பக்கம் ஒரு விரிசல், அதை அடைத்துக் காயவைக்க ஒரு வாரம் ஆகும். நீங்கள் வந்து நிறுத்துப் பார்த்து, ஒரு காலை ஓட்டிவிட்டுச் சொன்னால் போதும்.

ஆறு-ரெண்டைத் தூக்கிப் போட வேண்டாம். எங்கள் தெருவில் ஒரு பையன், 45 கிலோ இருப்பான், தினமும் தண்ணீரில் கிடக்கிறவன், கிலோவுக்கு 0.64 வரும், அவனுக்குக் கச்சிதம். இப்போது இரவல் போர்டில்தான் ஓட்டுகிறான். விலையை நீங்களும் அவன் அப்பாவும் பேசிக்கொள்ளுங்கள். அடுத்த தடவை பல்லவனில் வரும்போது கையோடு எடுத்து வாருங்கள், கிளம்புவதற்கு முன்னால் மேலே இருக்கிற வேக்ஸை மட்டும் பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றால் சுரண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வருகிற வழியில் உருகி உறையெல்லாம் அப்பிக்கொள்ளும்.